மோவாய்ப் புண்ணும் பல் படமும்

மரக்காணம் உப்பளத்தில் நான் களிக்கடை வைத்திருந்தபோது, என் அம்மா வயசுப் பெண்களுக்கெல்லாம் வாயில் ஊட்டிவிடுவேன். வெளியூரில் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். சித்திரை வெயிலில் உப்புக் கூடையைத் தூக்கித் தூக்கி இறக்கிவிட்டு வருகிற கையை அவர்கள் பார்த்ததில்லை. விரல் இடுக்கெல்லாம் வெடித்து உள்ளே சிவப்பாகத் தெரியும். அதைத்தான் நாங்கள் உப்புப் புண் என்போம். அந்தக் கையோடு மிளகாய்க் குழம்பைத் தொட்டால் உயிர் போய்விடும். கேழ்வரகுக் களியைக் கரண்டியில் அள்ளித் தின்னவும் முடியாது. விரலால் கிள்ளி, குழம்பில் புரட்டி, அப்படியே விழுங்க வேண்டும். அதனால் வெயில் ஏறிய மாதங்களில் நானே கிள்ளி, நானே புரட்டி, ஒவ்வொருத்தர் வாயிலும் போட்டுக்கொண்டே போவேன். வரப்பில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். யாருக்கும் இதில் வெட்கம் கிடையாது. பசிதான் உண்டு.

கடை என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஈசிஆர் ரோட்டிலிருந்து உப்பளத்துக்கு இறங்குகிற மண் பாதையில் நாலு கம்பு, மேலே கீற்று, கீழே இரண்டு அடுப்பு. அதற்கு முந்தி நானும் அங்கே கூடை சுமந்தவள்தான். என் வீட்டுக்காரர் பாத்தியில் உப்பு வாருகிறவர். சுமை தூக்குகிற பெண்களுக்குத் தலைவி மாதிரி ஒருத்தர் இருந்தார். வயசிலும் பெரியவர், குரலிலும் பெரியவர். பெரியக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். எந்த லாரிக்கு யார் போவது, எப்போது உட்காருவது, எப்போது எழுந்திருப்பது, எல்லாம் அவர் சொல்வதுதான். சாப்பாட்டிலும் முதல் வாய் அவருடையது. அவர் வாயைத் திறந்தால்தான் மற்றவர்கள் திறப்பார்கள். ஊரையே அதட்டுகிற அந்த வாய் என் கைக்கு முன்னால் குருவிக் குஞ்சு மாதிரி திறந்து நிற்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

சுனாமி வந்து போன அடுத்த வருஷம், பாத்திகளைத் திரும்பச் சீர் செய்து உப்பு வார ஆரம்பித்த நேரத்தில், என் மோவாய்க்கு நட்டநடுவில் ஒரு கொப்புளம் வந்தது. மிளகு அளவுதான். இரண்டு நாளில் உடைந்து சீழ் வந்தது. பொருக்கு கட்டியது. திரும்ப உடைந்தது. வலி மட்டும் துளிகூட இல்லை.

யாரிடமும் போய்க் கேட்க வேண்டியிருக்கவில்லை. பார்த்தவர்கள் எல்லோரும் தாங்களாகவே சொல்லிவிட்டார்கள், உப்புப் புண் என்று. நானும் அப்படித்தான் நினைத்தேன். உப்பளத்தில் காலில் முள் குத்திச் சீழ் பிடித்தாலும் உப்புப் புண்தான், கொசு கடித்துச் சொறிந்து ரத்தம் வந்தாலும் உப்புப் புண்தான். எங்களுக்குத் தெரிந்த புண் அது ஒன்றுதான். மஞ்சளும் நல்லெண்ணெயும் குழைத்துப் போட்டேன். உப்புக் காற்றே படக்கூடாது என்று முகத்தைத் துணியால் கட்டிக்கொண்டு களி கிண்டினேன். அடுப்புச் சூட்டில் துணிக்குள் வேர்த்து ஊற்றியதுதான் மிச்சம்.

திண்டிவனத்தில் ஒரு டாக்டரிடம் போனோம். களிம்பு கொடுத்தார், மாத்திரை கொடுத்தார், ஊசி போட்டார். மாத்திரை இருக்கிற வரைக்கும் புண் நல்ல பிள்ளை மாதிரி மூடிக்கொண்டிருக்கும். மாத்திரை தீர்ந்ததும் திரும்ப எட்டிப் பார்க்கும். கடைசியில் அந்த இடத்தை அறுத்தெடுத்துத் தையல் போட்டுவிடலாம் என்றார். போட்டார். தையல் பிரித்தபோது மோவாய் வழவழவென்று இருந்தது. நான் கடைக்கு வந்து எல்லோரிடமும் முகத்தைத் தூக்கித் தூக்கிக் காட்டினேன். பெரியக்கா மோவாயைப் பிடித்துப் பார்த்து, “போச்சுடி சனியன்” என்று சொல்லி வாயைத் திறந்தார். மாதம்கூட ஆகவில்லை, அதே தையல் தழும்பைப் பொத்துக்கொண்டு அதே புண் வந்தது. அதுவும் எப்போது வந்தது? நான் குனிந்து பெரியக்கா வாயில் களியைப் போடுகிற நேரத்தில் என் மோவாயிலிருந்து ஒரு சொட்டு அவர் மடியில் விழுந்தது.

அவர் வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு எழுந்துபோய்ப் புடவையை அலசினார். திட்டியிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன். மறுநாள் வந்து, “ஏம்மா, கொஞ்ச நாளு ஒடம்பப் பாரு. நாங்க எதனா பன்னு கின்னு தின்னுக்கறோம்” என்றார். அவ்வளவுதான். மற்ற பெண்கள் என் பக்கமே திரும்பவில்லை. பின்னால் ஒருத்தி இன்னொருத்தியிடம், “அது பெரிய வியாதிடி, கைவெரலப் பாத்தியா?” என்று சொன்னது என் காதில் விழுந்தது. குஷ்டம் என்கிறாள். என் விரலுக்கு என்ன? பத்தும் நன்றாகத்தான் இருந்தன. அன்றைக்குக் கிண்டிய களியை நானும் என் வீட்டுக்காரரும் மூன்று வேளை தின்றோம். எனக்கு ஒவ்வொரு வாய்க்கும் ஆத்திரம் பொங்கியது. அழுகையும் வந்தது, ஆனால் ஆத்திரம்தான் முந்திக்கொண்டது.

மழை வந்து உப்பளம் மூடியது. அந்த மழைக்காலம் முழுக்க எனக்கு ஒரே யோசனைதான். தை பிறந்து பாத்தி காயும். பங்குனி, சித்திரையில் கைகள் வெடிக்கும். அப்போது அந்த வாய்கள் எனக்கு முன்னால் திறக்குமா, திறக்காதா? கடை வேறு ஏதாவது விற்றுப் பிழைத்துக்கொள்ளும். பீடி, பிஸ்கட், எது வேண்டுமானாலும். ஆனால் என் கையால் சாப்பிட்டவர்கள் என் கையைப் பார்த்துக் கூசுவதை என்னால் பொறுக்க முடியவில்லை. திண்டிவனத்து டாக்டர், இந்தத் தடவை இன்னும் ஆழமாக அறுத்து எலும்பையும் கொஞ்சம் சுரண்ட வேண்டும், வாய் கொஞ்சம் கோணினாலும் கோணலாம் என்றிருந்தார். அதற்கும் சரி என்று சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தேன்.

அந்த நேரத்தில்தான் என் வீட்டுக்காரருக்குக் கடைவாய்ப் பல் வலி வந்தது. கன்னம் வீங்கி, இரண்டு நாள் கஞ்சித் தண்ணிதான். அவரைப் புதுச்சேரிக்குப் பஸ் ஏற்றி, பல் டாக்டருக்குப் படிக்கிறவர்கள் வைத்தியம் பார்க்கிற ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வியாதி அவருக்கு. நான் துணைக்குப் போனவள்.

அங்கே ஒரு சின்னப் பெண்தான் டாக்டர். பெரிய படிப்புப் படித்துக்கொண்டே வைத்தியம் பார்க்கிறவள். அவரைச் சாய்வு நாற்காலியில் படுக்கவைத்து, வாய்க்குள் கண்ணாடி விட்டுப் பார்த்தாள். நான் முந்தானையால் மோவாயை மூடிக்கொண்டு ஓரமாக நின்றேன். காற்றாடிக் காற்றில் முந்தானை விலகிவிட்டது போல. அந்தப் பெண் அவர் வாயைப் பார்ப்பதும் என் முகத்தைப் பார்ப்பதுமாக இருந்தாள். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

“இன்னா டாக்டரு, பல்லு வலி அவருக்கு. என் மூஞ்சியில இன்னா பாக்கறீங்க?”

“கோவப்படாதீங்கக்கா. மோவாயில இருக்குதே, அது எவ்ளோ நாளா இருக்குது?”

“அது உப்புப் புண்ணு. நாங்க உப்பளத்துக்காரங்க.”

“உப்புப் புண்ணுன்னா எங்கெங்க வரும்?”

“கையில வரும், கால்ல வரும். உப்பு எங்க படுதோ அங்க வரும்.”

“அப்போ நீங்க மோவாயாலயா உப்ப வாரினீங்க?”

படுத்திருந்த என் வீட்டுக்காரர் வாயில் கண்ணாடியோடு சிரித்து, எச்சில் புரையேறி எழுந்து உட்கார்ந்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. வருஷம் ஒன்று ஓடியிருந்தது. இந்தக் கேள்வியை ஒருத்தரும் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. காலும் கையும் வெடிக்கிற ஊரில், உப்பே படாத மோவாயில் மட்டும் ஏன் வெடித்தது என்று ஒரு தடவையாவது யோசித்திருக்கலாம் அல்லவா?

அவருக்குச் செய்ய வேண்டியதைச் செய்து, கன்னத்தில் பஞ்சை அடக்கி, எழுப்பிவிட்டாள். அந்த நாற்காலியில் என்னை உட்காரச் சொன்னாள். என் கீழ்ப் பற்களை ஒவ்வொன்றாகத் தட்டினாள். குச்சி நுனியில் சில்லென்று எதையோ நனைத்து ஒவ்வொரு பல்லிலும் வைத்தாள். கூசுகிறதா என்று கேட்டுக்கொண்டே வந்தாள். கூசியது, கூசியது, முன்பல் ஒன்றில் மட்டும் ஒன்றுமே தெரியவில்லை. பார்க்க அதுவும் மற்ற பல் மாதிரித்தான் இருந்தது. கொஞ்சம் நிறம் மங்கல், அவ்வளவுதான். ஓட்டை இல்லை, சொத்தை இல்லை, வலி இல்லை.

அவளுக்கு மேலே இருந்த பெரிய டாக்டர் வந்து எட்டிப் பார்த்தார். வேலை நெரிசலில் இருந்த மனுஷன். கீழ் முன்பற்களை விரலால் அசைத்துப் பார்த்து, “நாலும் லேசா ஆடுது. நாலையும் எடுத்துடும்மா, பல்லு செட்டு வச்சிடலாம்” என்றார். அறுத்தவர் எலும்பைக் கேட்கிறார், இவர் பல்லைக் கேட்கிறார், ஆளுக்கொன்று பங்கு போட்டுக்கொண்டால் என் முகத்தில் என்ன மிஞ்சும்? அந்தப் பெண்தான் மெதுவாகச் சொன்னாள்.

“படம் எடுத்துப் பாத்துட்டு முடிவு பண்ணலாமா சார்?”

முதலில் தாடை மொத்தத்தையும் ஒரே படமாக எடுக்கிற எக்ஸ்ரே. அதற்குத் தனி அறை. நின்றுகொண்டு மோவாயை ஒரு தாங்கியில் வைத்து, ஒரு குச்சியைக் கடித்துக்கொண்டு அசையாமல் இருக்க வேண்டும். மெஷின் நம் தலையைச் சுற்றி வரும். படம் எடுக்கிறவர், காது, மூக்கு, கழுத்தில் இருக்கிற நகையெல்லாம் கழற்றச் சொன்னார். தோட்டையும் மூக்குத்தியையும் கழற்றிக் கொடுத்தேன். கழுத்தில் நகை ஒன்றும் இல்லை என்றேன். நான் பொய் சொல்லவில்லை. தாலியை யாராவது நகை என்பார்களா? மஞ்சள் கயிற்றை மட்டும் முதுகுப் பக்கம் தள்ளி ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டேன். மெஷின் முனகிக்கொண்டே சுற்றி வந்து நின்றது.

கம்ப்யூட்டரில் படம் வந்தபோது டாக்டர் பெண் முகம் சுருங்கியது. மற்ற பல் எல்லாம் பளிச்சென்று தெரிகிறது. நடுவில், எந்த இடத்தைப் பார்க்க வேண்டுமோ சரியாக அந்த இடத்தில், வெள்ளையாக ஒரு திட்டு மூடிக்கொண்டு நிற்கிறது.

“அக்கா, கழுத்துல இன்னா இருக்குது?”

“தாலி.”

“அதையும்தான் கழட்டணும்.”

“அத்த எப்டிக் கழட்டுவாங்க? புருஷன் எதிர்லயே நிக்கறாரு.”

அந்தப் பெண் அதட்டவில்லை. படத்தைக் காட்டினாள். “பாருங்க, பொட்டுத் தங்கம்தான். ஆனா மெஷினு முதுகுப் பக்கமா சுத்தி வரும்போது குறுக்க உழுந்து, உங்க வியாதிக்குத் திரை போட்ட மாதிரி நிக்குது. இத வச்சிக்கினு நான் ஒண்ணும் சொல்ல முடியாது. நாலு பல்லையும் எடுக்கச் சொன்னாங்க இல்ல, அத வேணாம்னு சொல்லணும்னா எனக்கு இந்த எடம் தெரியணும்.”

நான் அசையவில்லை. என் வீட்டுக்காரர் வாய் நிறையப் பஞ்சோடு கிட்டே வந்தார். என்னமோ சொன்னார், ஒரு எழுத்தும் புரியவில்லை. பிறகு இரண்டு கையாலும் என் கழுத்திலிருந்து கயிற்றைத் தலை வழியாக எடுத்தார். கண்ணில் ஒற்றிக்கொண்டு சட்டைப் பைக்குள் வைத்தார். பை மேல் கையை அழுத்திக்கொண்டு நின்றார். என் கை தானாகவே வெறும் கழுத்துக்குப் போய்ப் போய் வந்தது. மெஷினில் அசையாமல் நிற்கச் சொன்னால் எப்படி நிற்பது? பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அதுவும் நல்லதுதான், குச்சியைக் கடிக்கத்தானே சொன்னார்கள்.

இரண்டாவது படம் எடுத்து முடித்ததும் அறை வாசலிலேயே தாலியைத் திரும்பக் கழுத்தில் போட்டார். வீங்கிய கன்னம், பஞ்சு, கண்ணில் தண்ணி, இந்தக் கோலத்தில் மாப்பிள்ளை. படம் எடுத்தவர், “அட்சத ஒண்ணுதான் கொறை” என்றார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன்.

அந்தப் படத்தில் என் தாடை முழுசும் இருந்தது. உணர்ச்சியே இல்லாத அந்த ஒரு பல்லுக்கு அடியில், வேர் முடிகிற இடத்தில், கறுப்பாக ஒரு வட்டம். எலும்பு அங்கே கரைந்து போயிருக்கிறது என்று டாக்டர் பெண் சொன்னாள். பக்கத்துப் பற்களின் வேர் எல்லாம் முழுசாக இருந்தது. ஆனாலும் அவள் அதோடு விடவில்லை. நூல் கனத்தில் ஒரு ரப்பர் குச்சியை எடுத்தாள். என் மோவாய்ப் புண்ணின் வாய் வழியாக மெதுவாக உள்ளே விட்டாள். அது போய்க்கொண்டே இருந்தது. என் தோலுக்குள் அவ்வளவு தூரம் பாதை இருந்தது எனக்கே தெரியாது. பிறகு, கம்பி மாட்டிய சின்னத் தகடு ஒன்றை வாய்க்குள் பல்லுக்குப் பின்னால் வைத்து அந்த இடத்தை மட்டும் எடுத்தாள். நான் எச்சில் விழுங்குவதற்குள் கம்ப்யூட்டரில் படம் வந்துவிட்டது.

அந்த ரப்பர் குச்சி படத்தில் வெள்ளையாக ஒரு கோடு. மோவாய்த் தோலிலிருந்து புறப்பட்டு, வளைந்து மேலே ஏறி, நேராக அந்தக் கறுப்பு வட்டத்துக்குள் போய், அந்தப் பல்லின் வேர் நுனியில் முட்டிக்கொண்டு நின்றது.

களிம்பு, ஊசி, தையல், துணி கட்டிய முகம், பெரியக்கா அலசிய புடவை, எல்லாம் அந்தக் கோட்டின் முனையில் இருந்தது. நான் வாய்விட்டு, “அட பாவிப் பல்லே!” என்றேன். எனக்கு அப்போது வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. வியாதி குணமாகக்கூட இல்லை. ஆனால் அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று கண்ணால் பார்த்துவிட்டேன். பெரிய வியாதி இல்லை, உப்புப் புண் இல்லை, யாருக்கும் ஒட்டாது. ஒரே ஒரு பல்.

“எப்பவாவது மோவாயில அடி பட்டுச்சா?” என்று டாக்டர் பெண் கேட்டாள். அப்போதுதான் ஞாபகம் வந்தது. கூடை சுமந்த காலத்தில், ஈர வரப்பில் வழுக்கி, உப்பு வாருகிற பலகையின் பிடியில் மோவாய் இடிக்க விழுந்திருக்கிறேன். உதடு கிழிந்தது. பல் கொஞ்ச நாள் ஆடிவிட்டு நின்றுவிட்டது. நானும் மறந்துவிட்டேன். அந்தப் பல் உள்ளுக்குள்ளே அப்போதே செத்துப்போயிருக்கிறது. அதில் சேர்ந்த சீழ் எலும்பைக் குடைந்து மோவாய் வழியாக வெளியேறிக்கொண்டே இருந்ததால்தான் பல் வலிக்கவே இல்லையாம். என் வீட்டுக்காரர் பஞ்சைத் துப்பிவிட்டு வந்து படத்தை வெகுநேரம் பார்த்தார்.

“மடை ஒடஞ்சது மேல. நாம கசியற எடத்துல மண்ணு கொட்டிக்கினு இருந்திருக்கறோம்” என்றார். பாத்திக்குத் தண்ணீர் கட்டுகிறவருக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை.

பெரிய டாக்டரும் வந்து படத்தைப் பார்த்தார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கிட்டே போய்ப் பார்த்தார். “ஒண்ணுதான். மத்த மூணையும் தொடாத” என்றார். அந்த ஒன்றையும் பிடுங்கவில்லை. நாலு பல்லும் ஒரு துண்டு எலும்பும் எனக்கு மிச்சம். அந்த மனுஷன் தன் பேச்சைத் தானே மாற்றிக்கொண்டதில் எனக்கு அவர் மேல் மரியாதை வந்துவிட்டது.

வேர் வைத்தியம் என்றார்கள். பல்லுக்குப் பின்பக்கமாகச் சின்னதாகத் துளை போட்டு, உள்ளே வேர் வரைக்கும் சுத்தம் செய்து அடைப்பது. அதற்கு முன்னால் டாக்டர் பெண் எக்ஸ்ரேக் குழாயைப் பக்கவாட்டில் சாய்த்து இன்னொரு படம் எடுத்தாள். எதற்கு இன்னொன்று என்று நான் முணுமுணுத்தேன். படத்தைக் காட்டினாள். நேராக எடுத்ததில் வேருக்குள் ஒரு குழாய்தான் தெரிந்தது. சாய்த்து எடுத்ததில் இரண்டு. ஒன்றுக்குப் பின்னால் ஒன்று ஒளிந்துகொண்டிருந்திருக்கிறது.

“இத உட்டுட்டு ஒண்ண மட்டும் அடச்சிருந்தா, திரும்பவும் வந்திருக்கும்க்கா. அப்புறம் வைத்தியமே சரியில்லன்னு சொல்லியிருப்பீங்க.”

“சொல்லியிருக்க மாட்டேன். ஆஸ்பத்திரிக்கே வந்து சண்ட போட்டிருப்பேன்” என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

பல்லுக்கு வைத்தியம் முடிந்தது. மோவாய்க்கு மருந்து எங்கே என்று கேட்டேன். ஒன்றும் வேண்டாம், தானாக மூடிக்கொள்ளும் என்றாள். பஸ்ஸில் வருகிறபோது எனக்குச் சந்தேகம் திரும்ப வந்தது. புண் இருக்கிற இடத்தில் ஒரு சொட்டு மருந்துகூடப் போடாமல் அனுப்பிவிட்டாளே என்று அவரிடம் சண்டை பிடித்தேன். பாவம், அவர் என்ன செய்வார்? ஆனால் அந்த வாரமே ஈரம் நின்றது. பிறகு பொருக்கு விழுந்தது. ஒருநாள் காலையில் கண்ணாடி முன்னால் நின்று அழுத்து அழுத்து என்று அழுத்தினேன். ஒன்றும் வரவில்லை. அங்கே சின்னதாக ஒரு குழி மட்டும் இருந்தது. பார்க்கக் கன்னக்குழி இடம் மாறி விழுந்த மாதிரி இருந்தது. அழகுதான் என்று அவர் சொன்னார்.

கடையைத் திறந்தேன். பங்குனி. கைகள் வெடிக்க ஆரம்பித்திருந்தன. களி கிண்டி இறக்கி வைத்துவிட்டு, பெரியக்காவிடம் போய் மோவாயைக் காட்டினேன். அவர் உற்றுப் பார்த்தார். பிடித்துப் பார்க்கவில்லை.

“போன தடவையும் இப்டித்தான்டி தீந்துச்சு. தீந்துட்டுத் திரும்ப வந்துச்சே.”

அவர் வஞ்சகமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார். வெளித்தோல் மூடிக்கொண்டதை வைத்து அவரிடம் சத்தியம் செய்ய எனக்கே வாய் வரவில்லை. அவர் வாயைத் திறக்காததால் ஒருத்தியும் திறக்கவில்லை. அன்றைக்கும் பன்தான். வெடித்த விரலால் பன்னைப் பிய்க்க முடியாமல் அவர்கள் இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவில் பிடித்துக் கடிப்பதை நான் என் அடுப்பு முன்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் களி ஆறிக்கொண்டிருந்தது.

சில மாதம் கழித்து இன்னொரு படம் எடுக்க வேண்டும் என்று டாக்டர் பெண் சொல்லியிருந்தாள். தோல் பொய் சொல்லும், எலும்பு சொல்லாது, எலும்பு வளர்ந்திருக்கிறதா என்று படம்தான் காட்டும் என்றாள். அக்னி நட்சத்திரம் கொளுத்திய ஒரு நாளில் போனேன். இந்தத் தடவை தனியாகத்தான் போனேன், தாலியை நானே கழற்றி டாக்டர் பெண் கையில் கொடுத்தேன். படம் வந்தது. கோடு தெரிந்த பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். கறுப்பு வட்டம் சுருங்கியிருந்தது. கரைந்து கிடந்த இடத்தில் புது எலும்பு வெள்ளையாகப் படர்ந்திருந்தது. நான் அந்தப் பெண்ணின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அவள் கூச்சத்தில் நெளிந்தாள். அதற்கெல்லாம் நான் விடவில்லை. இரண்டு படத்தையும் பிலிமாகப் போட்டுக் கொடுக்கச் சொல்லி வாங்கிக்கொண்டேன்.

பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குப் போகவில்லை. நேராக உப்பளத்துக்கு நடந்தேன். சாப்பாட்டு நேரம். பெரியக்கா வரப்பில் உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் போய் நின்று, ஒரு கையில் பழைய படம், ஒரு கையில் புதுப் படம், இரண்டையும் வானத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தேன். எங்கள் உப்பளத்து வெளிச்சத்துக்கு விளக்கு எதுவும் வேண்டாம். மேலேயும் வெயில், கீழே பாத்தி முழுக்க வெள்ளை. என் பல்லும் வேரும் எலும்பும் அத்தனை பெண்களுக்கும் தெரிந்தன.

“இதோ இந்தக் கோடு பாருக்கா. மோவாயிலருந்து பல்லுக்குப் போவுது. புண்ணு அங்க இருந்துச்சு. இந்தக் கறுப்பு இருக்குதே, அது எலும்பு கரஞ்ச எடம். இப்போ இதப் பாரு. கறுப்பு எங்க? மூடிக்கினு வருது பாரு. தோலு இல்லக்கா, எலும்பு. உள்ளருந்து தீந்திருக்குது.”

பெரியக்கா எழுந்து வந்தார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒரு படத்தைப் பார்த்தார். இன்னொன்றைப் பார்த்தார். திரும்ப முதல் படத்துக்கு வந்தார். வெடித்த விரலால் தொடாமல், முழங்கையால் அந்தக் கோட்டைக் காட்டி, “இதுவா?” என்றார். “அதேதான்” என்றேன். என் கைகள் வலித்தன. ஆனாலும் இறக்கவில்லை. அவர் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தார்.

“களி இருக்குதா?” என்றார்.

அன்றைக்கு நான் புதுச்சேரிக்குப் போனதால் எங்கள் சாப்பாட்டுக்குக் களி கிண்டியது என் வீட்டுக்காரர்தான். கட்டியும் முட்டியுமாக இருந்தது. கையைக் கழுவினேன், இரண்டு தடவை கழுவினேன். கிள்ளினேன், குழம்பில் புரட்டினேன். இந்த நாளுக்காக நான் என்னென்னவோ வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன். கேட்டால் அவர் மூன்று நாள் சோறு தின்ன முடியாது, அப்படிப்பட்ட வார்த்தைகள். ஒன்றுகூட வரவில்லை. பெரியக்கா என் முகத்தைப் பார்த்துக்கொண்டே வாயைத் திறந்தார். போட்டேன். விழுங்கினார். வரப்பில் எல்லோரும் அவர் வாயையே பார்த்தார்கள்.

“கொழம்புல உப்பு பத்தலடி” என்றார். திரும்ப வாயைத் திறந்தார்.